தேதி யார் கையில்?

நம் ஊரில் புத்தக வெளியீட்டு அழைப்பிதழில் மாலை 6.30 என்று போட்டிருந்தால் யாரும் 6.30க்குப் போவதில்லை. டத்தோ வந்தபிறகுதான் குத்துவிளக்கு ஏற்றுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் ஏழரைக்கு வரலாம், எட்டுக்கும் வரலாம். அதுவரை முன்வரிசை காலியாகக் கிடக்கும். பின்வரிசையில் நாங்கள் மீகூன் சாப்பிட்டுக்கொண்டு கதையளப்போம். புத்தகத்தை எழுதியவர் வாசலில் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ரொம்ப நாளாக இதை நேரம் தவறாமை சம்பந்தப்பட்ட விஷயம் என்றே நினைத்திருந்தேன். திறமூல மென்பொருள் ஒன்றில் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் இது அதிகாரம் சம்பந்தப்பட்டது என்று உறைத்தது. ஒரு காரியம் எப்போது நடக்கும் என்பது எவர் கையில் இருக்கிறதோ, அவர்தான் அங்கே தலைவர். செயலாளர், பொருளாளர், ஆலோசகர் என்று நோட்டீஸில் எத்தனை பெயர் போட்டாலும் சரி.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளர். பல்கலைக்கழக இறுதியாண்டில் என் பழைய மடிக்கணினி விண்டோஸைத் தாங்க முடியாமல் மூச்சு வாங்கியதால் அதில் உபுண்டு போட்டேன். மொழித் தேர்வில் தமிழும் இருந்தது. ஆசைப்பட்டு அதைத் தேர்ந்தெடுத்தேன். மறுபடி திரை வந்தபோது பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். ஒரு பட்டியலில் முதல் மூன்று வரி தமிழ், நான்காவது ஆங்கிலம், ஐந்தாவது மறுபடி தமிழ். அறை நண்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா ப்ரோ, நம்ம வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கு," என்றான். அந்தத் தமிழை எழுதியது யார், விட்டுப்போனதை யார் எழுதவேண்டும் என்று தேடிப் போனதில்தான் க்னோம் திட்டத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் வந்து சேர்ந்தேன். "சம்பளம் உண்டாப்பா?" என்று அம்மா கேட்டார். இல்லை. இன்றுவரை இல்லை.

க்னோம் என்பது லினக்ஸ் கணினியில் நாம் கண்ணால் பார்க்கும் பகுதி. சாளரங்கள், கோப்புறைகள், அமைப்புகள், மேலே ஓடும் கடிகாரம் எல்லாம் அதுதான். 1997இல் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் தெ இகாசா, பெதெரிகோ மேனா என்ற இரண்டு இளைஞர்கள் தொடங்கியது. இன்று உபுண்டு, ஃபெடோரா, டெபியன் ஆகிய மூன்றையும் நிறுவும்போது பெரும்பாலும் முதலில் வருவது இதன் திரைதான். இதை எழுதுபவர்களில் ரெட் ஹேட் போன்ற நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் உண்டு, மாணவர்கள் உண்டு, என்னைப் போல் சனிக்கிழமைக்காரர்களும் உண்டு. இவர்களில் யாரும் யாருக்கும் மேலதிகாரி கிடையாது. "இதை வெள்ளிக்கிழமைக்குள் முடி" என்று சொல்லும் உரிமை ஒருவருக்கும் இல்லை. அப்படியானால் வேலை எப்படி முடிகிறது? எதற்கும் ஒரு 'லைன் லீடர்' இருக்கும் தொழிற்சாலையிலிருந்து போன எனக்கு இதுதான் முதல் ஆச்சரியம்.

அதற்கான பதில் ஒரு நாட்காட்டி. க்னோமின் புதிய பதிப்பு ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் மாதமும் செப்டம்பர் மாதமும் வரும். தேதி மாதங்களுக்கு முன்பே குறிக்கப்பட்டுவிடும். நீங்கள் எழுதிய புதிய வசதி அதற்குள் தயாரானால் உள்ளே போகும். தயாராகவில்லை என்றால் பதிப்பு நிற்காது, உங்கள் வசதி அடுத்த ஆறு மாதத்துக்குக் காத்திருக்கும். இதை ரயில் என்பார்கள். பயணிக்காக ரயில் நிற்பதில்லை, பயணி அடுத்த ரயிலைப் பிடிக்கவேண்டும்.

தொடக்கத்தில் இப்படி இல்லை. க்னோமின் 1.4 பதிப்பு 2001 ஏப்ரலில் வந்தது. 2.0 வர 2002 ஜூன் ஆனது. அந்தக் காலத்தில் திறமூல உலகில் பெருமையாகச் சொல்லப்பட்ட வாக்கியம், "தயாரானதும் வெளியிடுவோம்" என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கலைஞன் பேசுவதுபோல் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் என்ன ஆகும்? அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று தெரியாததால், ஒவ்வொருவரும் தன் வேலையை இந்தப் பதிப்பிலேயே எப்படியாவது திணிக்கப் பார்ப்பார். திணித்தது உடையும். உடைந்ததைச் சரிசெய்யத் தேதி தள்ளிப்போகும். தள்ளிப்போன இடைவெளியில் இன்னும் நான்கு பேர் வந்து திணிப்பார்கள். டெபியனின் 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. அடுத்த 3.1 பதிப்பு 2005 ஜூனில்தான் வந்தது. கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள். அதை உருவாக்கியவர்கள் சோம்பேறிகள் அல்லர், உலகின் திறமையான ஆட்களில் சிலர். "தயார்" என்ற சொல்லுக்கு எல்லை இல்லை, அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. "தயார்" என்று யார் சொல்வது? எல்லையில்லாத சொல் ஒன்று இருக்கும் இடத்தில், அதற்குப் பொருள் சொல்பவருக்குத்தான் அதிகாரம் போகும். குரல் பெரியவர், பல ஆண்டு இருந்தவர், பெரிய நிறுவனத்திலிருந்து வருபவர் ஆகியோர் "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்றால் எல்லோரும் பொறுப்பார்கள். க்னோம் 2.0க்குப் பிறகு ஆறு மாத நாட்காட்டிக்கு மாறியபோது மேலாண்மை வசதிக்காக மட்டும் மாறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. "பொறுங்கள்" என்று சொல்லும் உரிமையை மனிதர்களிடமிருந்து எடுத்துச் சுவரில் மாட்டிய காலண்டரிடம் கொடுத்தார்கள். காலண்டருக்கு நண்பர்கள் கிடையாது.

இதற்குப் பெரிய சோதனை 2010இல் வந்தது. க்னோமின் முகத்தையே மாற்றப்போகும் 3.0 பதிப்பு அந்த ஆண்டு மார்ச்சில் வருவதாகத் திட்டம். வேலை முடியவில்லை. செப்டம்பருக்குத் தள்ளினார்கள். அப்போதும் முடியவில்லை. கடைசியில் 2011 ஏப்ரல் 6ஆம் தேதி வந்தது. "பாத்தீங்களா, ரயில் நின்னுடுச்சே" என்று கேட்கலாம். நிற்கவில்லை. 2010 மார்ச்சில் 2.30, செப்டம்பரில் 2.32 என்று பழைய வரிசையில் இரண்டு பதிப்புகள் அதனதன் நேரத்தில் வந்தன. தள்ளிப்போனது 3.0 என்ற பெயர் மட்டும்தான். அந்த ஓராண்டில் திருத்திய பிழைகள், சேர்த்த மொழிபெயர்ப்புகள் எல்லாம் பயனர் கைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தன. மாப்பிள்ளை வர நேரமானாலும் பந்தி நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ள வெளியீட்டுக் குழு என்று ஒரு சிறு குழு இருக்கிறது. பணம், சட்டம், மாநாடு போன்றவற்றுக்கு 2000இல் தொடங்கிய க்னோம் அறக்கட்டளை. அதன் நிர்வாக வாரியத்தை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பங்களித்தவர் யாரும் உறுப்பினராக விண்ணப்பிக்கலாம். மொழிபெயர்ப்பும் பங்களிப்புதான். எனக்குப் பிடித்த விதி ஒன்று அங்கே உண்டு: ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் வாரியத்தின் 40 விழுக்காட்டுக்கு மேல் இடங்களைப் பிடிக்கக்கூடாது. வாக்கு எவ்வளவு வாங்கியிருந்தாலும் சரி. இதை முதலில் படித்தபோது, நாம் ஒரு குடும்பத்தின் அண்ணன் தம்பி மச்சான் என்று செயற்குழு அமைக்கும் இடங்கள் எத்தனை என்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். விரல் போதவில்லை.

இனி நான் இருக்கும் மூலைக்கு வருகிறேன். வெளியீட்டுத் தேதிக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்து வரிசையாகக் கதவுகள் மூடும். இவற்றை ஃப்ரீஸ் என்பார்கள், உறைவு. முதலில் புதிய வசதிகளுக்குக் கதவு மூடும். திரையின் தோற்றமும் அதோடு உறையும். அடுத்து ஸ்ட்ரிங் ஃப்ரீஸ், அதாவது திரையில் தெரியும் சொற்களின் உறைவு. அதன் பிறகு எந்த நிரலரும் ஒரு வாக்கியத்தைக்கூடத் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கடைசி வாரத்தில் நிரலே உறைந்துவிடும். வெளியீட்டுக் குழு அனுமதி தராமல் ஒரு வரி நகராது. அந்த வாரத்திலும் மொழிபெயர்ப்பும் ஆவணப் பணியும் நடக்கலாம். உலகத்துப் பெரிய நிரலர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, வேலை செய்ய உரிமையுள்ள சிலரில் நாங்களும் உண்டு. முதன்முதலில் இதைப் புரிந்துகொண்டபோது கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

சொற்களை ஏன் உறைய வைக்கவேண்டும் என்று கேட்கலாம். மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒவ்வொரு ஆங்கில வரிக்கும் கீழே அதன் தமிழ் இருக்கும். நிரலர் அந்த ஆங்கில வரியில் ஒரு சொல்லை மாற்றினால், கருவி நம் தமிழ் வரியின்மேல் 'ஃபஸி' என்று முத்திரை குத்திவிடும். மங்கலாகிவிட்டது, நம்பமுடியாது என்று அர்த்தம். யாராவது பார்த்துச் சரிசெய்யும்வரை அந்த இடத்தில் திரையில் தமிழ் வராது, ஆங்கிலம் வரும். முன்பு என் மடிக்கணினியில் பார்த்த பாதிப் பாதித் திரைக்கு இதுவும் ஒரு காரணம். அந்த வரியை யாரோ ஒருவர் தமிழில் எழுதித்தான் வைத்திருந்தார். அதன் பிறகு வேறு யாரோ ஆங்கிலத்தை அழகுபடுத்தினார். ஜெர்மன் குழுவில் ஆள் இருக்கிறார்கள், மறுநாளே சரிசெய்துவிடுவார்கள். தமிழில் அடுத்த சனிக்கிழமைவரை அந்த வரி ஆங்கிலமாகவே இருக்கும். அந்தச் சனிக்கிழமை ஓவர்டைம் வந்தால் அடுத்த பதிப்புவரை.

ஃப்ரீஸுக்குப் பிறகும் ஒரு வரியை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் நிரலர் விண்ணப்பிக்கவேண்டும். மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்கள் இருவர் சம்மதம் சொல்லவேண்டும். ஒருவர் போதாது. ஒவ்வொரு பருவத்திலும் இப்படிச் சில விண்ணப்பங்கள் வரும். இதற்காகவே சம்பளம் வாங்கும் ஒரு மூத்த நிரலர், "இந்த வாக்கியம் பயனரைக் குழப்புகிறது, மாற்றலாமா?" என்று சம்பளமில்லாத இரண்டு பேரிடம் பணிவாகக் கேட்பார். அவர்கள் எத்தனை வரி, எவ்வளவு அவசியம், அடுத்த பதிப்புக்கு விடலாமா என்று விசாரிப்பார்கள். சிலவற்றுக்குச் சரி என்பார்கள், சிலவற்றுக்கு முடியாது என்பார்கள். தமிழுக்கு அந்தத் திட்டத்தில் பணபலம் இல்லை, ஆள்பலமும் இல்லை. ஆனாலும் தமிழை முன்னிட்டும் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆள் அனுமதி கேட்கிறார். அந்த மரியாதை எங்களுக்கு வந்தது யாருடைய நல்ல மனத்தாலும் இல்லை. தேதி முன்கூட்டியே தெரிந்ததால் வந்தது. தேதி இல்லாத இடத்தில் "இந்த நாளுக்குப் பிறகு மாற்றாதே" என்று எந்த நாளைச் சொல்வது?

இதே விதி எங்களைக் கடிக்கவும் செய்யும். க்னோம் வெளியீட்டுக் குறிப்புகளில் பல ஆண்டுகளாக ஒரு வழக்கம் இருந்தது. குறைந்தது 80 விழுக்காடு வரிகள் மொழிபெயர்க்கப்பட்ட மொழிகளைத்தான் ஆதரவுள்ள மொழிகளாகப் பட்டியலிடுவார்கள். நிலவரத்தைக் காட்டும் தளத்தின் பெயர் 'டேம்ன்ட் லைஸ்'. பொய், பச்சைப்பொய், புள்ளிவிவரம் என்ற பழைய கிண்டலிலிருந்து எடுத்த பெயர். மொழிக்கு ஒரு பட்டை. பச்சை முடிந்தது, மற்றவை பாக்கி. ஃப்ரீஸ் நாள் நெருங்க நெருங்க அந்தப் பட்டையைப் பார்ப்பது பரீட்சை முடிவு பார்ப்பதுபோல் இருக்கும். ஏறத்தாழ எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழி. ஐஸ்லாந்து மொழியைப் பேசுபவர்களோ நான்கு லட்சத்தைத் தொடவில்லை. இருவருக்கும் ஒரே தேதி, ஒரே கோடு. பேசுபவர்களின் எண்ணிக்கையைப் பட்டை கேட்பதில்லை, உட்கார்ந்து எழுதியவர்கள் எத்தனை பேர் என்றுதான் கேட்கிறது.

வேலையிடத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ரெண்டு வாரம் தள்ளி வெச்சா என்னா லா குறைஞ்சிடும்? தமிழுக்காக வெயிட் பண்ண மாட்டாங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் இரவு இரண்டு மணிக்கு அதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். தேதி தள்ளிவைக்கப்படும் ஓர் உலகத்தில் அது யாருக்காகத் தள்ளிவைக்கப்படும்? தமிழுக்காக ஒருநாள் நிற்கக்கூடிய ரயில், அதற்கு முன் பெரிய நிறுவனத்தின் பாதி முடிந்த வசதிக்காகப் பத்து நாள் நின்றிருக்கும். நம் மண்டபத்தில் டத்தோவுக்காகக் காத்திருந்தோம். பேருந்து தாமதமாகி ஓடிவந்த கவிஞருக்காக என்றைக்காவது காத்திருந்தோமா?

இதை என் சொந்த வட்டத்தில் சொன்னபோதுதான் விலை கொடுக்கவேண்டி வந்தது. நண்பர்கள் சேர்ந்து ஒரு காலாண்டு இதழ் நடத்துகிறோம். காலாண்டு என்பது பேச்சுக்குத்தான். ஓர் இதழ் ஒன்பது மாதம் நின்றது. எங்களுக்கெல்லாம் மூத்தவரான ஓர் ஐயாவின் கட்டுரை வரவேண்டும், அவர் இல்லாமல் இதழ் எப்படி என்று எல்லோரும் தயங்கினார்கள். அதே இதழில் பத்தொன்பது வயதுத் தங்கை ஒருத்தியின் முதல் கதையும் இருந்தது. "அண்ணே, எப்ப வரும்?" என்று அவள் மூன்று முறை கேட்டாள். நான்காவது முறை கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு உறுத்தியது. அடுத்த கூட்டத்தில், இனி ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் கையில் இருப்பதை வைத்து இதழைக் கொண்டுவருவோம், வராதது அடுத்த இதழில் என்று சொன்னேன். ஐயாவுக்கு முகம் மாறிவிட்டது. "தம்பி, உங்க கம்ப்யூட்டர் புத்திய இலக்கியத்துக்குக் கொண்டு வராதீங்க. எழுத்து ஃபேக்டரி சாமான் இல்ல," என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஒரு கவிதைக்குத் தேதி குறிக்க முடியாது. பத்து வருடம் ஆகும் என்றால் ஆகட்டும். ஆனால் க்னோமிலும் யாரும் அப்படிக் குறிப்பதில்லை. ஒரு வசதியை இரண்டு வருடம் தனியாக ஒரு கிளையில் வைத்து இழைக்கிறவர்கள் உண்டு, அவர்களை யாரும் அவசரப்படுத்துவதில்லை. தேதி இருப்பது பதிப்புக்கு. ஐயாவின் கட்டுரை தன் நேரத்தை எடுத்துக்கொள்ளட்டும், அவருடைய நேரத்தை அந்தத் தங்கையின் கதை ஏன் சுமக்கவேண்டும்? இப்படித்தான் சொன்னேன், இவ்வளவு கோவையாக இல்லாவிட்டாலும். வாக்கெடுப்பு நடந்தது. தேதி வென்றது. இதழ் ஜூலை முதல் தேதி ஐயாவின் கட்டுரை இல்லாமல் வந்தது. பக்கங்கள் குறைவுதான், ஒரு மதிப்புரை அரைகுறையாக இருந்தது. அந்தக் கட்டுரை அடுத்த இதழில் வந்தது, நல்ல கட்டுரை. ஆனால் ஐயா அதன் பிறகு எங்கள் கூட்டங்களுக்கு வருவதில்லை. தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். பலகாரம் தந்தார், மகனின் வேலையைப் பற்றிப் பேசினார். இதழைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விதி சரியாக இருப்பதால் உறவு தானாகச் சரியாகிவிடுவதில்லை. இதற்கு க்னோமிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

தேதி எனக்குத் தந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். தமிழ்ச் சொல் பற்றிய சண்டைகள் இலக்கிய வாசகர்களுக்குப் புதிதில்லை. கோப்புறையா, அடைவா? திரைப்பிடிப்பா, திரைவெட்டா? நமக்கு விழுக்காடு, தமிழ்நாட்டில் பலருக்குச் சதவீதம். க்னோமில் இருப்பது ஒரே தமிழ். மதுரைக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் பினாங்குக்காரனும் அதையே பங்குபோட்டுக்கொள்ளவேண்டும். தேதி இல்லாவிட்டால் இந்தச் சண்டை முடியவே முடியாது, ஒரு வரியும் திரைக்குப் போகாது. தேதி இருப்பதால், இந்தப் பதிப்புக்கு இந்தச் சொல் என்று ஒப்புக்கொண்டு நகர்கிறோம். ஆறு மாதத்தில் மாற்ற வாய்ப்பு வரும் என்று தெரிந்தவனுக்குத்தான் இன்று விட்டுக்கொடுக்க மனம் வருகிறது. இதுவே கடைசி ரயில் என்றால் எல்லோரும் கதவில் தொங்கத்தான் செய்வார்கள்.

2023 மார்ச்சில் வந்த க்னோம் 44க்கு 'கோலாலம்பூர்' என்று பெயர் வைத்தார்கள். முந்தைய டிசம்பரில் க்னோம் ஆசிய மாநாடு அங்கே நடந்ததற்கான மரியாதை. நண்பர்கள் வாட்ஸாப்பில் கொடிப் படங்களோடு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பதிப்பின் பெயர் நம் தலைநகராக இருந்ததால் தமிழில் ஒரு வரியும் கூடவில்லை. நாட்காட்டி கதவைத் திறந்து வைக்கும், எந்த நாள் மூடும் என்று முன்பே சொல்லும், மூடியபின் யாரும் உள்ளே வந்து கலைக்காமல் காவலும் இருக்கும். நமக்காக உள்ளே போய் உட்கார்ந்து எழுத அதனால் முடியாது.

ஒவ்வொரு மொழிபெயர்ப்புக் கோப்பின் தலையிலும் அதைத் தொட்டவர்களின் பெயரும் ஆண்டும் இருக்கும். நான் இப்போது வைத்திருக்கும் கோப்பில் எனக்கு மேலே ஆறு பெயர்கள். ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஒருவர் இரண்டு ஆண்டு எழுதியிருக்கிறார், ஒருவர் ஒரே ஆண்டு, ஒருவரின் பெயர் நீண்ட இடைவெளிக்குப் பின் மறுபடி வருகிறது. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தேதிக்குள் முடிந்ததை முடித்துவிட்டு, பாக்கியை அடுத்தவருக்கு விட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த பதிப்பு செப்டம்பரில். சொற்கள் ஆகஸ்டில் உறையும். இந்தக் கோப்பில் இன்னும் 212 வரிகள் பாக்கி, அதில் 30 மங்கல். நடுவில் எனக்கு எத்தனை சனிக்கிழமை இருக்கிறது, அதில் எத்தனை ஓவர்டைம் என்று வேலை அட்டவணையை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.